வாய்க்கணக்கு

ஒரு மணி நேர மூச்சின் விலை முக்கால் லிட்டர் பெட்ரோல். காசில் சொன்னால் நாளைக்கே மாறிவிடும். லிட்டரில் சொன்னால் நிற்கும். இந்த விலையை எந்த டாக்டரும் சீட்டில் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு டிரைவர் தானாகவே கண்டுபிடித்தான், அதுவும் அடுத்தவர் டேங்கிலிருந்து.

அவன் மனைவி கல்லுக்குப் பாலிஷ் போடும் பட்டறையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். பெரிய மனிதர்கள் வீட்டுத் தரையெல்லாம் அவள் புண்ணியத்தில் முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. பறந்த தூளில் பாதி அவள் நெஞ்சுக்குள் போய்ப் பட்டா போட்டுக்கொண்டது. இப்போது மூக்கில் ஒரு குழாய். குழாயின் மறுமுனையில், கட்டிலை ஒட்டி, உறுமிக்கொண்டே இருக்கும் ஒரு பெட்டி. காற்றில் நல்லதை மட்டும் பிரித்து அவளுக்கு ஊட்டுகிற பெட்டி. கரண்ட் இருந்தால்தான் ஊட்டும்.

வெயில் ஏறியதும் கரண்ட் போக ஆரம்பித்தது. தினமும் மாலையில் ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை. வீட்டு இன்வெர்ட்டரின் கிழட்டு பேட்டரி மூன்றாம் நாளே கையை விரித்தது. புதிது வாங்க இரண்டு மாதச் சம்பளம் வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டால், "கரண்ட் போனதுக்கெல்லாம் பெட் கிடையாதுப்பா" என்று சிரித்தார்கள். கடைசியில் கைகொடுத்தவன் வயர்மேன் நண்பன். கார் பேட்டரியில் கவ்வி மாட்டி, ஒரு சின்ன இன்வெர்ட்டர் பெட்டி வைத்து, ஜன்னல் வழியாக வயரை உள்ளே விட்டான். "இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கணும். நிறுத்திட்டு எடுத்தா பத்து நிமிஷத்துல பேட்டரி படுத்துடும்" என்றான். புகைக்குழாய் தெருப்பக்கம், வயர் நுழையும் சந்தில் துணி அடைப்பு. வேலை முடிந்தது.

ஒரே ஒரு சின்ன விஷயம்தான். கார் அவனுடையது இல்லை.

கார் முதலாளியுடையது. கடைத்தெருச் சந்தில் குடியிருப்பவர். வாசலில் சைக்கிள் நிறுத்தவே இடம் கிடையாது. அதனால் கார் டிரைவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே தூங்கும். அவர் பட்டன் மொத்த வியாபாரி. பட்டனை எண்ணி விற்கிறவன் பைத்தியக்காரன் என்பார். நூறு பட்டனை எடை போடு, மூட்டையை எடை போடு, வகுத்துவிடு, தீர்ந்தது. ஒருமுறை மூட்டையில் ஏழு பட்டன் குறைகிறது என்று தராசைப் பார்த்தே சொல்லி, சுமை தூக்குகிறவரின் புதுச் சட்டையைத் திரும்பிப் பார்த்தார். அதில் ஏழு பட்டன் இருந்தது.

காருக்கும் அதே தராசுதான். டாஷ்போர்டில் மைலேஜ் காட்டுகிற எண்ணை நம்பமாட்டார். "அது விக்கிறவன் வெச்ச எண்ணுடா. எந்தக் கடைக்காரன் தன் சரக்கைச் சொத்தைன்னு சொல்லுவான்?" என்பார். அவருடைய முறை வேறு. திங்கள்தோறும் அவர் கையெழுத்துப் போட்ட சீட்டோடு பெட்ரோல் பங்குக்குப் போக வேண்டும். டேங்கை வாய் வரை நிரப்ப வேண்டும். போன திங்களிலிருந்து ஓடிய கிலோமீட்டரை, இப்போது போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். வாயிலிருந்து வாய்க்கு. கடையில் இதற்குப் பெயர் வாய்க்கணக்கு. ஆறு வருஷத்து வாய்க்கணக்கு ஒரு நீள நோட்டில் இருந்தது. பதினாலு, பதினாலு ஒன்று, பதிமூன்று எட்டு. புது டயர் போட்டால் எவ்வளவு ஏறியது, மழைக்காலத்தில் எவ்வளவு இறங்கியது, எல்லாம் இருந்தது. முந்தின டிரைவர் வாரம் இரண்டு லிட்டர் விற்றதைக் காட்டிக்கொடுத்ததும் இந்த நோட்டுதான். அந்த ஆளுக்கு அன்றைக்கே சீட்டு கிழிந்தது.

வயர் ஜன்னலுக்குள் போன முதல் முழு வாரம், நோட்டில் பதினொன்று புள்ளி நாலு விழுந்தது.

"என்னடா பைலட்டு," என்றார் முதலாளி. டிரைவரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "பதினாலுல மூணு எங்கேடா போச்சு?"

"வெயில் முதலாளி. ஏசி ஓயாம ஓடுது."

"போன வருஷம் வெயிலை யாரு வீட்டுல அடமானம் வெச்சிருந்தாங்க?" பக்கத்தைப் புரட்டினார். "இதே மாசம், பதிமூணு எட்டு. இதோ பாரு."

கார் மெக்கானிக்கிடம் போனது. ஃபில்டர், பிளக் எல்லாம் மாற்றினார்கள். மறுவாரம் பதினொன்று மூன்று. "வண்டி நல்லாத்தான் இருக்கு முதலாளி. மத்ததைப் பத்தி நான் பேசறது சரியில்லை," என்று சொல்லிவிட்டு மெக்கானிக் டிரைவரைப் பார்த்தான். அதைவிட அவன் பேசியே தொலைத்திருக்கலாம்.

அன்றைக்கு டிரைவர் துணிந்து வாயைத் திறந்தான். "முதலாளி, வீட்டுல கரண்ட் போயிடுச்சுன்னா வீட்டுக்காரிக்கு மூச்சு..."

"என் வீட்டுலயும்தான் போகுது. புழுக்கத்துல மூச்சு முட்டத்தான் செய்யும்." முதலாளி பட்டன் பெட்டியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். "விசிறச் சொல்லு. காசு வேண்டாம், போ."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்து வைத்தான். அட்டையை வாங்கிக்கொண்டான்.

"சிரிப்பு இருக்கட்டும். வர்ற திங்கள் பதினாலு வரணும். வரலைன்னா அன்னையிலிருந்து வண்டி குடோன்ல தூங்கும். சாவி என் இடுப்புல இருக்கும்."

வேலை போனால் வேறு ஸ்டீயரிங் கிடைக்கும். கார் ஜன்னலை விட்டுப் போனால் மாலையில் ஒரு மணி நேரம் எங்கே கிடைக்கும்? அந்த வாரம் அவன் வண்டி ஓட்டவில்லை, தாலாட்டினான். சிக்னலில் இன்ஜினை அணைத்தான். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டான். ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்தான். ஏசி மக்கர் என்று சொல்லி முதலாளியை வேர்க்க வைத்தான். "சவ ஊர்வலத்துக்கா போறோம்? கொஞ்சம் மிதியேன்டா," என்று அவர் பின்சீட்டிலிருந்து கத்தினார். இத்தனைக்கும் மிஞ்சியது என்னவோ ஒரு டம்ளர்கூட இல்லை.

திங்கட்கிழமை பங்கில் நின்றான். ஓடியது இருநூற்று எண்பது கிலோமீட்டர். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டு, பத்தொன்பது. இருபதில் நின்றால் பதினாலு. இருபத்து நாலரைக்குப் போனால் குடோன்.

"போதும்," என்றான். அவன் சொன்ன மாதிரியே இல்லை. வாய் தானாகச் சொன்ன மாதிரி இருந்தது.

"இன்னும் எடுக்கும்ணே," என்றான் பங்க் ஆள்.

"போதும்னு சொன்னேன்ல."

நோட்டில் பதினாலு விழுந்தது. முதலாளிக்கு முகமெல்லாம் பல். "பாத்தியா? கண்ணை உருட்டினா வண்டிகூட பயப்படுது."

அங்கேதான் சிக்கல் பிறந்தது. நோட்டின்படி டேங்க் வாய் வரை நாற்பத்தைந்து லிட்டர். உண்மையில் நாலரை குறைவு. ஆறு மணி நேர மூச்சு அங்கே பள்ளமாகக் கிடந்தது. சம்பளம் வந்ததும் சொந்தக் காசில் பள்ளத்தை மூடிவிடலாம் என்று நினைத்தான். சம்பளம் வந்தது. அவன் வீட்டு வாசலைப் பார்ப்பதற்குள் மருந்துக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டார். அடுத்த திங்களும் "போதும்". அதற்கடுத்ததும். நாலு திங்களில் பள்ளம் பதினெட்டு லிட்டர். நோட்டில் மட்டும் பதினாலு, பதினாலு, பதினாலு ஒன்று என்று மைலேஜ் மணமகனாட்டம் மிடுக்காக நின்றது.

"இப்ப பள்ளம் எவ்வளவு?" என்று கேட்டாள் மனைவி. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை நின்று மூச்சு வாங்குவாள்.

"பதினெட்டு."

"கல்யாணத்துக்கு முன்னால... எனக்காகக் கிணத்துல குதிப்பேன்னு சொன்னீங்க. இப்ப நீங்களே... வெட்டிட்டீங்க."

"பேசாத. பேசினா அதுக்கும் பெட்ரோல்."

"அப்ப நீங்க பேசுங்க. உங்களுது... ஓசிக் காத்துதானே."

ஐந்தாவது வாரம், வெள்ளிக்கிழமை, பின்சீட்டு முழுக்க சாம்பிள் மூட்டை. முதலாளி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஆறு வருஷத்தில் அவர் அங்கே உட்கார்ந்ததே இல்லை.

"பெட்ரோல் முள்ளு ஏன்டா படுத்துக் கிடக்கு?"

"முள்ளு... வேலை செய்யலை முதலாளி."

முதலாளி நோட்டை எடுத்தார், மீட்டரைப் பார்த்தார், உதட்டை அசைத்தார். "கணக்குப்படி இருபத்தெட்டு லிட்டர் இருக்கணும். சரி விடு. முள்ளுக்கு என்ன தெரியும், அது என்ன படிச்சிருக்கா? அதைச் சரிபண்றேன்னு செலவு வைக்காதே."

கண்ணெதிரே முள் உண்மையைச் சொல்கிறது. அவர் நோட்டை நம்புகிறார். டிரைவருக்கு அழுகை வந்தது. நல்லவேளை, ஏசி இல்லாததால் முகம் ஏற்கெனவே நனைந்திருந்தது.

சனிக்கிழமை மாலை ஒலிபெருக்கி ஆட்டோ வந்தது. பராமரிப்பு வேலை; ஞாயிறு காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை கரண்ட் இருக்காது. ஐந்து மணி நேரம். டேங்கில் மிச்சம் இரண்டரை லிட்டர். அதிலும் அடியில் கிடக்கும் அரை லிட்டரை மோட்டார் உறிஞ்சாது. பாக்கெட்டைத் துழாவினான். பெட்ரோல் வாங்குகிற மாதிரி எதுவும் அதில் இல்லை. இருந்தாலும் பாட்டிலில் ஊற்றமாட்டோம் என்று பங்கில் போர்டு தொங்குகிறது. தெரிந்த நாலு பேருக்கு போன் போட்டான். ஒருவர் எடுக்கவில்லை, மூன்று பேர் அவனிடமே கேட்டார்கள்.

"நான் வேணும்னா... சிக்கனமா மூச்சு விடறேன்," என்றாள் அவள்.

ஞாயிறு ஒன்பதுக்கு இன்ஜின் ஓட ஆரம்பித்தது. அவள் விரலில் மாட்டிய, ஆக்ஸிஜன் அளவு காட்டும் கிளிப்பில் தொண்ணூற்று இரண்டு. மிச்சம் பிடிக்கலாம் என்று பத்து மணிக்கு அணைத்துப் பார்த்தான். ஐந்து நிமிடத்தில் எண்பது. உதடு ஊதா நிறமானது. மறுபடி ஸ்டார்ட் செய்தான்.

பத்தே முக்காலுக்கு முதலாளி போன் செய்தார்.

"பைலட்டு, வண்டியை எடுத்துக்கிட்டு வா. வெளியூர்ப் பார்ட்டி வந்திருக்கார், குடோனுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"வண்டி பஞ்சர் முதலாளி."

"எந்த டயர்?"

"இடது பக்கம்."

"முன்னாலயா பின்னாலயா?"

"ரெண்டும்."

"ஸ்டெப்னி?"

"அதுவும்தான் முதலாளி."

"அதென்ன இன்ஜின் சத்தம்?" என்று கேட்டுவிட்டு முதலாளி போனை வைத்தார்.

முக்கால் மணியில் அவருடைய பழைய ஸ்கூட்டர் தெருவில் நுழைந்தது. அவர் இறங்கினார். முன் டயரை உதைத்தார். பின் டயரை உதைத்தார். "பஞ்சரான டயரு என்னைவிடத் தெம்பா இருக்கே!" அப்புறம்தான் வயர் கண்ணில் பட்டது. பானெட்டுக்கு அடியிலிருந்து கிளம்பி, சுவரில் ஏறி, ஜன்னலுக்குள் போகிற வயர்.

"அடப்பாவி! என் வண்டியில கரண்ட் வியாபாரம் பண்றியா? யாருக்குடா விக்கிறே, எத்தனை வீட்டுக்கு விக்கிறே?" கை வயரைப் பிடித்தது.

அந்தக் கையை டிரைவர் பிடித்தான். முதலாளியை அவன் தொட்டதே அதுதான் முதல் முறை.

"புடுங்காதீங்க முதலாளி. அந்தப் பக்கம் ஆள் இருக்கு."

முதலாளி ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார். கட்டில். பெட்டி. குழாய். குழாயின் முனையில் ஒரு பெண், அவரைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்து வணக்கம் சொன்னாள்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இன்ஜின் இருமியது. இரண்டு முறை உதறியது. நின்றுவிட்டது. உள்ளே பெட்டி உறுமலை நிறுத்திவிட்டுக் கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது.

"ஏன் நிறுத்தினே?"

"நான் நிறுத்தலை முதலாளி. பெட்ரோல் தீர்ந்துபோச்சு."

"எப்படித் தீரும்? கணக்குப்படி இருபத்தஞ்சு லிட்டர் இருக்கு!" பழக்க தோஷம், கை நோட்டுக்குப் போனது.

"நோட்டுல இருக்கு. டேங்குல இல்லை." டிரைவர் மூச்சு விடாமல் கொட்டினான். திங்கள், போதும், பள்ளம், நாலரை, பதினெட்டு. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து வாரம் மென்று விழுங்கியதைத் துப்ப அவ்வளவு நேரம்தான் பிடித்தது.

முதலாளி கன்னத்தில் அறை வாங்கியவர் மாதிரி நின்றார். "பெட்ரோல் போனாப் போகுதுடா. என் நோட்டையா பொய் சொல்ல வெச்சே? ஆறு வருஷ நோட்டையா?"

"எண்பத்தி ரெண்டு," என்று உள்ளிருந்து அவள் குரல் வந்தது. கிளிப்பைப் படித்துச் சொன்னாள். "எழுபத்தி ஒன்பது."

முதலாளி ஸ்கூட்டரைப் பார்த்தார். அது என்ன யோசனை என்று டிரைவருக்குப் புரிவதற்குள் மூடியைத் திறந்துவிட்டார். "குழாய் கொண்டா. பாட்டில் கொண்டா."

டிரைவர் ஓடிப்போய், அலமாரியில் கிடந்த பழைய மூக்குக் குழாயையும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலையும் கொண்டுவந்தான்.

"உறிஞ்சு."

டிரைவர் குழாயின் எந்த முனையை எங்கே விடுவது என்று தெரியாமல் திருதிருவென விழித்தான். "எனக்குத் தெரியாது முதலாளி."

"இத்தனை வாரமா பெட்ரோல் திருடினவனுக்கு உறிஞ்சத் தெரியாதா?"

"நான் எடுக்கவே இல்லையே முதலாளி. எரிச்சேன், அவ்வளவுதான்."

"தள்ளு." முதலாளி மண்டியிட்டார். வேட்டியையோ மரியாதையையோ பார்க்கவில்லை. குழாயை டேங்குக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார். எங்கே கற்றாரோ, யாருடைய டேங்கில் கற்றாரோ, கை பழகிய கைதான். ஆனால் கணக்கு ஒரு நொடி தப்பியது. வாய் நிறையப் பெட்ரோல். துப்பினார், இருமினார், பெட்ரோலின் ஏழு தலைமுறையையும் திட்டினார். குழாய் முனை மட்டும் பாட்டிலை விட்டு நகரவில்லை. மெல்லிய குழாய், நூல் மாதிரி இறங்கியது. உள்ளே அவள் குரல் "எழுபத்தி மூணு" என்றது. அப்புறம் எண் சொல்வதையும் நிறுத்திவிட்டாள்.

"ஏய்! சொல்லு! எண்ணைச் சொல்லிக்கிட்டே இரு!" டிரைவர் ஜன்னலில் அறைந்தான். விரல் ஒன்று உயர்ந்து ஆடியது.

பாட்டில் நிறைந்தது. காரில் ஊற்றப் புனல் இல்லை. முதலாளி நோட்டின் கடைசித் தாளைக் கிழித்துச் சுருட்டினார். எழுதாத தாள்தான், ஆனாலும் கிழிக்கும்போது பல் பிடுங்குகிற முகம். ஊற்றினார்கள். முதல் சாவிக்கு எழவில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவதுக்கு உறுமியது. உள்ளே பெட்டியும் கூடவே உறுமியது.

இருவரும் ஜன்னலில் நின்று கிளிப்பைப் பார்த்தார்கள். எழுபது. எழுபத்தாறு. எண்பத்து மூன்று. எண்பத்து எட்டு வந்தபோது முதலாளி வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டார்.

பிறகு நோட்டைப் பானெட் மேல் விரித்தார். மணி பதினொன்று நாற்பது. "தினம் எவ்வளவு நேரம்? பொய் சொன்னே, தொலைச்சுடுவேன்."

டிரைவர் நாள் வாரியாகச் சொன்னான். எல்லாம் அவனுக்கு மனப்பாடம். முதலாளி எழுதினார்.

"இதை அன்னன்னைக்கு எழுதியிருந்தா செலவுடா. எழுதாம விட்டே பாரு, அதான் திருட்டு. கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன் முதலாளி. அட்டை கொடுத்தீங்க."

பேனா நின்றது. முதலாளி தலையைத் தூக்காமல் மறுபடி எழுதத் தொடங்கினார்.

"எனக்கு வேலை இருக்கா முதலாளி?"

"பாக்கிக்காரனை எவனாவது வெளியே விடுவானா? அடைச்சுட்டுப் போ."

"வண்டி? நாளைக்கு சாயங்காலம் வண்டி எங்கே நிக்கும்?"

முதலாளி அடுத்த வரியைக் கூட்டினார்.

"அண்ணே," என்று ஜன்னல் சந்து வழியாக அவள் குரல் வந்தது. நிறுத்தி நிறுத்தி, ஆனால் தெளிவாக. "டேங்குக்கு அடியில... அரை லிட்டர் கிடக்கு. அதை எரிக்கலை. கழிச்சீங்களா?"

முதலாளி திடுக்கிட்டு நோட்டைப் பார்த்தார். இருபத்தைந்து என்று எழுதியிருந்ததை அடித்து, திருத்தினார். "இந்தப் பொண்ணைக் கடையில உட்கார வெச்சிருக்கணும்டா. உன்னைப் போய் வெச்சேனே," என்றார். சிரிக்கவில்லை.

ஸ்கூட்டரில் ஏறினார். இரண்டு உதைக்கு அது கிளம்பியது. "பங்க் வரைக்கும் தாங்குமா?" என்று டிரைவர் கேட்டான். பங்க் தெருமுனையில் இடது பக்கம். அவர் வீடு வலது பக்கம். இன்ஜின் சத்தத்தில் அவர் காதில் விழுந்ததோ இல்லையோ, போய்விட்டார். எந்தப் பக்கம் திரும்பினார் என்று பார்க்க டிரைவருக்கு நேரமில்லை. கிளிப்பில் எண் மறுபடி ஒன்று குறைந்திருந்தது.

நோட்டை அவர் எடுத்துப்போகவில்லை. இன்ஜின் அதிர்வில் பானெட் மேல் அது நடுங்கிக்கொண்டிருந்தது. பொடிப்பொடியாக, ஒன்றின் கீழ் ஒன்றாக, அவருடைய கையெழுத்து:

இருக்க வேண்டியது: 25 லிட்டர்.
இருந்தது: அரை.
எரிந்தது: இருபத்து நாலரை. மணி: முப்பத்து இரண்டரை சொச்சம்.
ஸ்கூட்டரிலிருந்து கைமாற்று: ஒன்றரை.
ஆகப் பாக்கி: 26 லிட்டர்.
ஓடிய தூரம்: இல்லை. மைலேஜ்: வகுக்க வராது.
கைமாற்று ஓடுவது: 1.40 வரை. கரண்ட் வருவது: 2.00.
குறைவு: இருபது நிமிடம். கால் லிட்டர். வர வேண்டியது.